மலிவு கிட்டார் பெடல்கள் மூன்று: திறந்து, அளந்து, திருத்திய பதிவு

டிலே பெடலின் (மிதித்தால் கிட்டார் சத்தத்துக்கு எதிரொலி சேர்க்கும் சின்னப் பெட்டி) விசில் ஒருவழியாக அடங்கிவிட்டது. அடக்கியது 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு வெள்ளிக்குள்தான் (மலேசிய ரிங்கிட்) செலவு. இதே வேலைக்கு முதலில் போட்டுப் பார்த்த 100 ஓம் ரெசிஸ்டர் பெடலையே முடக்கிவிட்டது. மலிவுப் பெடல்களில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குச் சின்னவைதான். அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரியாமல்தான் ஆட்கள் பெடலைத் தூக்கி எறிகிறார்கள்.

எடுத்துக்கொண்டது மூன்று மினி பெடல்கள்: ஓவர்டிரைவ் (சத்தத்தை முரடாக்குவது), டிலே, கோரஸ் (ஒரு கிட்டாரைப் பல கிட்டார் போலக் கேட்கவைப்பது). மூன்றுக்கும் ஒரே தயாரிப்பாளர். இணையத்தில் ஒவ்வொன்றும் 69 முதல் 85 வெள்ளிக்குள் கிடைத்தது. பெட்டியில் உள்ள பெயரைத் தேடினால் உருப்படியான தகவல் எதுவும் வராது. அதே உலோகக் கூடும் அதே பலகையும் வேறு வேறு பெயரில், வேறு வேறு நிறத்தில் விற்பனைக்கு வருவதால் பெயரை வைத்து எடைபோட வழியே இல்லை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் வாங்குமுன் செருகி வாசித்துப் பார்க்கவும் இடம் கிடையாது. கடை என்றால் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். ஆகவே வாங்கிய பிறகு திறந்து பார்ப்பதுதான் சோதனை.

இங்கே பெடல் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்யாண விருந்து, கோயில் திருவிழா, தேவாலயம் ஆகிய இடங்களில் வாசிக்கும் குழுக்களில் கிட்டாருக்கென்று தனி ஆம்ப் இருப்பது அபூர்வம். கிட்டாரிலிருந்து பெடல், பெடலிலிருந்து நேராக மிக்சர். இணையத்தில் கேட்கும் பெடல் டெமோக்களில் பெரும்பாலானவை ஆம்ப் வழியாகப் பதிவானவை. அதே பெடல் மிக்சரில் போய் விழும்போது ஏன் கொசு ரீங்காரம் மாதிரி கேட்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கருவிகள்: 40 வாட் சோல்டரிங் அயர்ன், 0.8 மில்லிமீட்டர் 60/40 ஈயக்கம்பி, ஈயம் உறிஞ்சும் பம்ப், செம்பு விக் (உருகிய ஈயத்தை இழுக்கும் பின்னல்), 10, 12, 14 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள், சின்ன நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், மூங்கில் சாப்ஸ்டிக் ஒன்று. மல்டிமீட்டர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற மலிவு மீட்டரில் ஏசி வோல்ட் 200, 750 என்று இரண்டே அளவைகள். மில்லிவோல்ட் அளவில் ஓடும் கிட்டார் சிக்னலை அது காட்டாது. டிசி வோல்ட், ஓம், மில்லிஆம்பியர் மூன்றுக்கும் அதுவே போதும். பெடல்களில் மீட்டரால் எடுத்த அளவுகள் எல்லாம் அந்த மூன்றுக்குள் அடங்கியவை. சிக்னலைக் காதால் தேடுவதற்கு ஒரு பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டி, நடு வயரில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டால் போதும். ஷீல்டைப் பெடலின் கிரவுண்டில் கிளிப் போட்டு, கெப்பாசிட்டரின் கால் பலகையில் எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடத்துச் சத்தம் ஆம்பில் கேட்கும்.

மின்சாரம்

பெடலைத் தொடுமுன் அடாப்டரைப் பார்க்க வேண்டும். பெடல்களுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி; பிளக் 5.5/2.1 மில்லிமீட்டர், நடுத்துளை நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர், சிசிடிவி அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பிளக் அளவு ஒன்றாக இருப்பதால் தாராளமாக உள்ளே போய்விடும். மீட்டரின் சிவப்பு முனையை நடுத்துளையிலும் கறுப்பு முனையை வெளிவளையத்திலும் வைத்தால் மைனஸ் 9 காட்ட வேண்டும். கழித்தல் குறி வராவிட்டால் செருகக்கூடாது. பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் என்றால் 9 என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது 13, 14 வோல்ட் கூடக் காட்டும். அதுவும் வேண்டாம். சிரிம் (மலேசியத் தரச்சான்று) ஒட்டுவில்லை இல்லாத அடாப்டரை விலையைப் பார்த்து வாங்குவதும் வேண்டாம். சுவரில் 230 வோல்ட் இருக்கிறது, மறுமுனையில் விரல் கம்பியில் இருக்கிறது.

தலைகீழாகச் செருகினால் என்ன ஆகும் என்பது உள்ளே இருக்கும் டையோடைப் (மின்சாரத்தை ஒரே பக்கமாக விடும் பாகம்) பொறுத்தது. இந்த மூன்று பெடலிலும் டையோடு பாசிட்டிவ் பாதையில் தொடராக இருக்கிறது. தலைகீழ் மின்சாரம் உள்ளே நுழையாது, பெடல் வெறுமனே ஓடாமல் இருக்கும். இதற்கு விலையாக 0.3 வோல்ட் இழப்பு. மலிவுப் பெடலுக்கு இது நல்ல மதிப்பெண். பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே டையோடு போட்ட பெடல்களும் உண்டு. அவற்றில் தலைகீழாகச் செருகினால் டையோடோ அடாப்டரோ புகையும்.

எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று அளக்க சிசிடிவி கடைகளில் கிடைக்கும் டிசி நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கி, வெளிவளையத்துக்குப் போகும் வயரை மட்டும் வெட்டி, மீட்டரை 200 மில்லிஆம்பியர் அளவையில் இடையில் வைக்கலாம். கிடைத்தவை: ஓவர்டிரைவ் 7, டிலே 28, கோரஸ் 62 மில்லிஆம்பியர். அளந்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு முனையையும் குமிழையும் உடனே வோல்ட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மில்லிஆம்பியரில் விட்டுவிட்டு அடாப்டரின் வோல்ட்டை அளந்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

இனி விசில். ஒரு அடாப்டரிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் வயரில் மூன்று பெடலையும் மாட்டினால் மெல்லிய, உயர்ந்த ஒரு விசில். ஓவர்டிரைவை மிதித்தால் அது பாட்டையே மூடிவிடுகிறது. இத்தகைய சத்தத்துக்கு எல்லோரும் முதலில் டிலேயைத்தான் குற்றம் சொல்வார்கள், ஏனென்றால் உள்ளே கடிகாரத் துடிப்பில் ஓடும் சிப் இருக்கிறது. மினி பெடலுக்குள் பேட்டரி வைக்க இடம் இல்லை. ஆகவே 9 வோல்ட் பேட்டரி கிளிப்பில் டிசி பிளக் ஒன்றைப் பற்றவைத்து டிலேயை மட்டும் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் விசில் சுத்தமாக இல்லை. அதே டிலே, தனியாக, அடாப்டரில்: விசில் இருக்கிறது. அப்படியானால் பிறப்பிடம் அடாப்டர்.

உறுதிசெய்ய இன்னொரு சோதனை. அடாப்டரின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் 220 ஓம், 1 வாட் ரெசிஸ்டரைப் போட்டால் கூடுதலாக 41 மில்லிஆம்பியர் இழுக்கும். போட்டவுடன் விசிலின் சுருதி ஏறியது. 1 ஆம்பியர் தரக்கூடிய மலிவு சுவிட்சிங் அடாப்டரிடம் வெறும் முப்பது மில்லிஆம்பியர் கேட்டால் அது தொடர்ந்து ஓடாமல் விட்டுவிட்டு ஓடும். அந்த விட்டுவிட்டு ஓடும் வேகம் காது கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. சுமை கூடினால் வேகமும் கூடுகிறது. பெரிய ஆம்பியர் அடாப்டர்தான் நல்லது என்று வாங்குபவர்களுக்கு இது விளங்காத புதிராகவே இருந்துவிடும்.

தீர்வு, பாசிட்டிவ் பாதையில் ஒரு ரெசிஸ்டர், அதன்பின் கிரவுண்டுக்கு ஒரு பெரிய கெப்பாசிட்டர். ஓவர்டிரைவுக்கு 100 ஓம், 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். 7 மில்லிஆம்பியரில் 0.7 வோல்ட் இழப்பு. உள்ளே 8 வோல்ட் மிஞ்சுகிறது. சத்தம் மாறவில்லை, விசில் போய்விட்டது. அதே 100 ஓமை டிலேக்கும் போட்டதுதான் தப்பான திருப்பம். 28 மில்லிஆம்பியரில் 2.8 வோல்ட் போகிறது, டையோடில் 0.3 போகிறது, மிச்சம் 5.9. உள்ளே இருக்கும் 78எல்05 ரெகுலேட்டர் 5 வோல்ட் தர வேண்டுமானால் அதற்கு 6.7 வோல்ட்டாவது வர வேண்டும். சிப்புக்குப் போனது 4.3 வோல்ட் சுமார். எதிரொலி கரகரத்து, பாதியில் அறுந்து போனது. 22 ஓமாகக் குறைத்தால் இழப்பு 0.6 வோல்ட்தான். வடிகட்டும் எல்லை 3.4 ஹெர்ட்ஸிலிருந்து 15 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் விசிலுக்கு அது தாராளம்.

470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 8 மில்லிமீட்டர் விட்டம், 12 மில்லிமீட்டர் உயரம். மினி கூட்டுக்குள் அதைப் படுக்கவைத்தாலும் மூடி மூடாது. அதனால் டிசி வயரிலேயே, பிளக்கிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும்) குழாய்க்குள் வைத்தாயிற்று. எந்த வயரில் 22, எந்த வயரில் 100 என்று நிற டேப் சுற்றிவிட வேண்டும். இருட்டு மேடையில் மாறிப்போனால் டிலே மறுபடி முடங்கும்.

ஓவர்டிரைவ்

அடிமூடியில் நான்கு ஸ்க்ரூ. அலுமினிய வார்ப்பில் இழை மிருது. முதலில் இடப்பக்கம் திருப்பி இழை விழும் ‘டிக்’ உணர்ந்த பிறகே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது முறை திறக்கும்போது ஸ்க்ரூ சும்மா சுற்றும். கூட்டின் அளவு 93, 38, 31 மில்லிமீட்டர். உள்ளே இரண்டு பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று. ஜாக், பொட்டென்ஷியோமீட்டர் (குமிழின் உட்பாகம்), சுவிட்ச் எல்லாம் நேரடியாகப் பலகையில் பற்றவைத்தவை. தனி வயரே கிடையாது. விலை குறைவதும் பெடல் சீக்கிரம் கெடுவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

சர்க்யூட் என்ன என்று கண்டுபிடிக்க ரெசிஸ்டர்களில் அச்சிட்ட எண்ணே போதும். 513 என்றால் 51 கிலோஓம், 472 என்றால் 4.7 கிலோஓம், 471 என்றால் 470 ஓம். 4558 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) ஒன்று, அதன் பின்னூட்டத்தில் எதிரெதிராக இரண்டு டையோடு, 500 கிலோஓம் டிரைவ் குமிழ். இது 1970-களின் கடைசியில் வந்த டியூப் ஸ்க்ரீமரின் குடும்பம். உலகத்தில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஓவர்டிரைவ்களில் ஒன்று. ஆகவே சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அதே மதிப்புகள், நடு அலைவரிசையில் அதே தூக்கல், அதே இடத்தில் பாஸ் குறைப்பு. கேட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். ஆப்-ஆம்பின் கால்களில் வோல்ட் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்: 8-ஆம் காலில் 8.7, 4-ஆம் காலில் 0, 1-லும் 7-லும் அதில் பாதி, அதாவது 4.3 அல்லது 4.4. கிடைத்தவை இவையே.

கோளாறுகள் மூன்று. அவுட்புட் ஜாக்கில் பிளக்கை அசைத்தால் சத்தம் அறுகிறது. லெவல் குமிழைத் திருப்பினால் கரகரப்பு. மிதித்து அணைத்தால் சில நேரம் சத்தம் மங்குகிறது.

முதலாவதற்குக் கேபிளை மாற்றியும், ஜாக்கின் பிடியை வளைத்தும் பயனில்லை. பெடல் ஓடும்போதே மூங்கில் சாப்ஸ்டிக்கால் பலகையைத் தட்டிக்கொண்டே போனால், ஜாக்கின் கால்களை நெருங்கும்போது சத்தம் போய் வருகிறது. கைப்பேசி கேமராவில் பெரிதாக்கினால் ஈயத்தில் காலைச் சுற்றி முடி அளவு வளையம் தெரியும். பிளாஸ்டிக் உடம்பு ஜாக். வெளியே இறுக்கும் நட் தளர்ந்திருந்தது. நட் தளர்ந்தால் பிளக் செருகும் ஒவ்வொரு தள்ளலும் ஈயத்தில்தான் விழும். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டு, புது ஈயம் வைத்து, நட்டுக்கு உள்ளே பல்வாஷர் ஒன்று போட்டு 12 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இறுக்கினால் சரி. பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயத்தைப் பூசினால் மேலே மினுங்கும், உள்ளே வெடிப்பு அப்படியே இருக்கும். மற்ற இரு பெடல்களிலும் ஜாக் நட் விரலாலேயே சுழன்றது. பெட்டியைத் திறந்தவுடன் முதல் வேலையாக நட்டுகளை இறுக்கியிருந்தால் பாதிப் பழுது வந்திருக்காது.

இரண்டாவதற்கு வழக்கமான மருந்து கான்டாக்ட் கிளீனர். குமிழுக்குள் பீச்சி, இருபது முப்பது தடவை திருப்ப வேண்டும். இங்கே பீச்சியும் கரகரப்பு போகவில்லை. துரு நீக்கும் எண்ணெயைப் பீச்சுகிறவர்களும் உண்டு. அது ஒரு வாரம் சரியாக இருந்து, பிறகு தூசியைப் பிடித்து முன்பைவிட மோசமாகும். அழுக்கு இல்லாமல் கரகரத்தால் குமிழில் டிசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரை டிசி 2 வோல்ட்டில் வைத்து, லெவல் குமிழின் வெளிக் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் அளந்தால் 0.28 வோல்ட். அங்கே பூஜ்ஜியம்தான் இருக்க வேண்டும். குமிழுக்கு முன்னால் உள்ள 1 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் கசிகிறது. கழற்றிவிட்டு 1 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர் போட்டதும் டிசி போயிற்று, கரகரப்பும் போயிற்று. பாலியஸ்டருக்கு முன்பின் கிடையாது. எப்படித் திருப்பிப் போட்டாலும் சரி.

மூன்றாவது, கால் சுவிட்ச். பெடலை அணைத்து, மின்சாரமும் கழற்றிவிட்டு, இன்புட் ஜாக்கின் முனைக்கும் அவுட்புட் ஜாக்கின் முனைக்கும் இடையில் ஓம் அளக்கலாம். நேர்வழி பைபாஸ் (அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போவது) என்றால் 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு மிதிக்கும் 0.4-லிருந்து 35 வரை தாவியது. நம் ஊர் ஈரத்தில் மலிவு சுவிட்சின் உள்தகடு கறுத்துப் போவது சகஜம். அதற்குள் கிளீனர் பீச்சி நம்பியிருக்க முடியாது. ஒன்பது கால் சுவிட்ச் புதிதாக 9 வெள்ளி. எடுப்பதுதான் சிரமம். ஒன்பது காலிலும் ஈயத்தை ஒரே நேரத்தில் உருக்க முடியாது. பழைய சுவிட்ச் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. அதனால் அதன் உடம்பைக் கட்டரால் நொறுக்கி, கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பலகைக்கு நல்லது. ஈயத்தடம் உரிந்து வந்துவிட்டால் அப்புறம் வயர் இழுத்துத் திரிய வேண்டும். புது சுவிட்சில் ஒரு காலுக்கு மூன்று வினாடிக்கு மேல் அயர்ன் நிற்கக்கூடாது. ஒரு வரிசை முடிந்தால் ஆறவிட்டு அடுத்தது. உள்ளே பிளாஸ்டிக் இளகினால் தகடு இடம்மாறி, புது சுவிட்சே பழைய சுவிட்ச் ஆகிவிடும். மேலே 14 மில்லிமீட்டர் நட்.

மிதிக்கும்போது வரும் ‘டப்’ சத்தத்துக்கு இன்புட் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர். இந்தப் பெடலில் அது இல்லை. சேர்த்ததும் ‘டப்’ அநேகமாக மறைந்தது.

இப்போது மிக்சர். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் ஒலிக்காது. மண்டபத்து ஸ்பீக்கர் பதினைந்துக்கு மேலும் போகும், ஆகவே டையோடு வெட்டிய ஓரங்கள் அத்தனையும் ரீங்காரமாகக் காதில் விழும். மிக்சரின் ‘ஹை’ குமிழை இறக்கினால் மட்டும் போதாது. அது வேலை செய்யும் இடம் பெரும்பாலும் 10, 12 கிலோஹெர்ட்ஸ் பக்கம். பலகையின் கடைசியில் இருக்கும் 471 என்ற ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 1.5 கிலோஓம் போட்டு, அதன்பின் கிரவுண்டுக்கு 22 நானோஃபாரட் வைத்தால் வெட்டு 4.8 கிலோஹெர்ட்ஸில் தொடங்கும். இது சுவிட்சுக்கு முன்னால் இருப்பதால் பெடலை அணைத்தால் கிட்டாரின் தெளிவு கெடாது. கேபினெட் சிமுலேட்டர் (ஆம்ப் ஸ்பீக்கர் போலச் சத்தத்தை மாற்றும் கருவி) மாதிரி வராது, சரிவு மெதுவானது. ஆனாலும் ‘ஹை’ குமிழையும் சேர்த்து இறக்கினால் விருந்துக் கூடத்தில் காதைக் குத்தாத அளவுக்கு வந்துவிடும். மூன்று திருத்தங்களையும் விட வாசிப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது இதில்தான்.

டிலே

உள்ளே பி.டி.2399. தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி செய்த, கரோக்கி எதிரொலிக்குப் பெயர்போன 16 கால் சிப். அனலாக் டிலே என்று பெட்டியில் போட்டிருப்பது பாதி உண்மை. சத்தம் கதகதப்பாக மங்கும், ஆனால் உள்ளே நடப்பது டிஜிட்டல். அதனால் குறை ஒன்றுமில்லை. எதிரொலி நேரத்தை முடிவுசெய்வது 6-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான ரெசிஸ்டன்ஸ். தயாரிப்பாளரின் அட்டவணைப்படி 27.6 கிலோஓமுக்கு 342 மில்லிவினாடி. அதற்கு மேலே போகப் போகச் சீற்றமும் சிதைவும் கூடும்.

பெட்டியில் 600 மில்லிவினாடி என்று எழுதியிருக்கிறது. கைப்பேசியில் ஒலிப்பதிவு ஆப் திறந்து, கம்பியை ஒரு தடவை மட்டும் மீட்டி, அலைவடிவத்தில் முதல் முகட்டுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் போதும். 600-ஐ ஒட்டித்தான் வந்தது. ஆனால் குமிழை முக்கால் பங்குக்கு மேல் திருப்பினால் எதிரொலியின் வால் மணல் கொட்டுவது போல ஆகிறது. இது பழுதல்ல, சிப்பின் எல்லை. மெல்லிசைப் பாட்டுக்கு 350-க்குள் வைத்துக்கொண்டால் இரண்டு மடங்கு விலைப் பெடலோடு தைரியமாகப் பக்கத்தில் வைக்கலாம்.

பழுது வேறு இடத்தில். நேரக் குமிழைக் குறைந்தபட்சத்தில் வைத்து அடாப்டரைச் செருகினால் நேரடிச் சத்தம் வருகிறது, எதிரொலி வருவதில்லை. சிப்பின்மேல் விரல் வைத்தால் வழக்கத்தைவிடச் சூடு. கழற்றிச் செருகினால் சில நேரம் சரியாகிறது. மின்சாரம் வந்த முதல் அரை வினாடிக்குள் 6-ஆம் காலில் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவாக இருந்தால் இந்த சிப் பூட்டிக்கொள்ளும். பலருக்கும் தெரிந்த குணம். அணைத்துவிட்டு அளந்தால் குமிழின் கீழ் எல்லையில் 1 கிலோஓம். 2 கிலோஓமுக்கு மேலே வைத்திருப்பது பத்திரம். குமிழின் காலோடு தொடராக 1.8 கிலோஓம் சேர்த்தால் மொத்தம் 2.8. மிகக் குறுகிய எதிரொலி சுமார் 41-லிருந்து 62 மில்லிவினாடிக்கு நீளும், அவ்வளவுதான் இழப்பு. அதன்பின் எந்த நிலையில் செருகினாலும் பூட்டிக்கொள்ளவில்லை. திறக்க விருப்பமில்லாதவர்கள் குமிழை நடுவில் வைத்துச் செருகிவிட்டு, பிறகு குறைக்கலாம். பலகை சின்னது; குமிழின் காலைப் பலகையிலிருந்து தூக்கி, இடையில் ரெசிஸ்டரை நிற்கவைத்து, வெற்றுக் கம்பிக்கு ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். இல்லாவிட்டால் மேல்பலகையின் அடியில் முட்டும்.

கோரஸ்

இதில் சொல்ல அதிகம் இல்லை. உள்ளே ஒரே ஒரு டிஜிட்டல் சிப், மேலே எழுத்தைச் சுரண்டி அழித்திருக்கிறார்கள். கெட்டால் மாற்றச் சாமான் தேட முடியாது. அலையின் வேகத்துக்கு ஏற்ப ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம். 22 ஓம் வடிகட்டி அதைக் குறைத்தது, போக்கவில்லை. சத்தம் சுமார். ஆழக் குமிழ் பாதிக்கு மேல் போனால் சுருதி தள்ளாடுகிறது. 80 வெள்ளிக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் உபயோகம். மின்சாரம் இல்லாதபோது இந்தப் பெடல் வழியாகச் சத்தமே வராது, அதாவது அணைத்திருந்தாலும் சிக்னல் உள்ளே இருக்கும் பஃபர் (சிக்னலை மங்காமல் வலுவாக அனுப்பும் பகுதி) வழியாகத்தான் போகிறது. மற்ற இரண்டும் நேர்வழி பைபாஸ். அவை அணைந்திருந்தால் கிட்டார் நேரடியாக மிக்சரின் லைன் இன்புட்டில் போய் விழும். லைன் இன்புட் ஏறக்குறைய 10 கிலோஓம். கிட்டாருக்கு வேண்டியது 1 மெகாஓம். கூடவே 10 மீட்டர் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் வைத்தால் 1 நானோஃபாரட். சத்தம் குறைந்து, போர்வை போர்த்திய மாதிரி மங்கும். கோரஸை வரிசையில் முதலில், கிட்டாருக்குப் பக்கத்தில் வைத்தால், மிதிக்காமலேயே இந்த மங்கல் போய்விடுகிறது. ஓவர்டிரைவுக்கு முன்னால் கோரஸ் என்பது வழக்கத்துக்கு மாறான வரிசைதான். இரண்டையும் ஒரே பாட்டில் மிதிக்காதவரை பிரச்சினை இல்லை.

மண்டபத்து வயரிங்

பெடல்களில் எல்லாம் சரிசெய்த பிறகும் பந்தலில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் அதைப் பெடலுக்குள் தேடக்கூடாது. 50 ஹெர்ட்ஸ் முனகல், கம்பியைத் தொட்டால் குறைகிறது என்றால் எர்த் இல்லை, அல்லது கிட்டாரின் ஷீல்டு சரியில்லை. திருவிழாப் பந்தலுக்கு எங்கிருந்தோ இழுத்துவரும் நீட்டிப்பு வயர்களில் எர்த் வயர் இல்லாதவையும் கலந்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மேல் முள்ளுக்கும் சாக்கெட்டின் மேல் துளைக்கும் இடையில் ஓம் அளந்தால் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்டினால் அந்த வயரை மிக்சருக்குக் கொடுக்கக்கூடாது. எர்த் இல்லாத மிக்சரில் கிட்டார் கம்பியும் மைக்கும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கலாம். வாசித்துக்கொண்டே பாடுபவரின் உதட்டில் சுருக்கென்று குத்துவது அதனால்தான். வாசிக்குமுன் மீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்து கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் இடையில் அளந்துவிட வேண்டும். இதற்கு மஞ்சள் மீட்டரே போதும். 1, 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரைச் சரிசெய்யும்வரை மைக் பக்கம் போகக்கூடாது.

மிக்சருக்கும் பெடல் அடாப்டருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் முனகல் பாதி குறையும். விளக்கு அலங்காரத்தின் டிம்மர் இருக்கும் வயரில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

செலவு

பெடல்கள் 69, 85, 79, ஆக 233 வெள்ளி. சுவிட்ச் 9; கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், ஹீட் ஷ்ரிங்க் எல்லாம் சேர்த்து 8; நீட்டிப்பு வயரும் டிசி பிளக்கும் 7; 9 வோல்ட் அல்கலைன் பேட்டரி 12. கான்டாக்ட் கிளீனர் 18, ஆனால் அது இந்த வேலைக்கு உதவவில்லை, வேறு குமிழ்களுக்கு ஆகும். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் ஒன்றிரண்டாக இணையத்தில் வாங்கினால் தபால் செலவு சாமானைவிட அதிகம். கோலாலம்பூர் போகிறவர்கள் யாராவது ஜாலான் பசார் பக்கம் போனால் 22, 100, 220 ஓம், 1.5, 1.8 கிலோஓம், 1 மெகாஓம் என்று ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக எடுத்துவரச் சொல்வது லாபம்.

அடுத்த தடவை மினி கூடு வேண்டாம். 112 மில்லிமீட்டர் நீளமுள்ள அடுத்த அளவுக் கூட்டில் அதே சர்க்யூட் 15, 20 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது. வயர் போட்ட உலோக ஜாக், கையை உள்ளே விட இடம், பேட்டரிக்கு இடம். விற்பவரிடம் உட்பலகையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே காசு. படத்தில் ஜாக் கறுப்புப் பிளாஸ்டிக்காகப் பலகையில் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடலாம். டிலேயில் இன்னும் இரண்டு ஜாக் அப்படித்தான் இருக்கின்றன. ஈயம் விட்டுப்போகும்வரை காத்திருக்காமல் இரண்டையும் உலோக ஜாக்காக மாற்றி, இரண்டு அங்குல வயரில் தொங்கவிட வேண்டும். ஒன்று 4 வெள்ளி.